வேடியப்பனுக்கு டைல்ஸ் ஒட்டும் முன்

செங்கம், தண்டராம்பட்டு வட்டாரத்தில் வேடியப்பனைக் குலதெய்வமாகக் கும்பிடும் பங்காளிகளுக்கும், திருப்பணிக் கமிட்டிக்காரர்களுக்கும், பூசாரிகளுக்கும்,



வசூல் நோட்டோடு நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிற காலம் இது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். புளியமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நின்ற சாமிக்குக் கான்கிரீட் கூரை, இரும்புக் கேட்டு, தரைக்கு டைல்ஸ், வாசலில் குதிரை என்று ஒவ்வொன்றாக வருகின்றன. எனக்கு அதில் மனத்தாங்கல் ஏதுமில்லை. நாலு காசு வந்தபின் குலதெய்வத்துக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது? நான் கேட்பது ஒன்றுதான். கொத்தனார் சட்டியைக் கையில் எடுக்குமுன், உள்ளே நிற்கிற பழைய கல்லில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படிக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு கல்லை நின்ற இடத்திலேயே, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள்.

நீங்கள் கும்பிடுகிற அந்தக் கற்களில் பல, ஆயிரத்து முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு நட்டவை. எண்ணெய்ப் பிசுக்கையும் குங்குமத்தையும் தாண்டிக் கூர்ந்து பார்த்தால் ஆள் தெரிவான். கொண்டை போட்டிருப்பான். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள் அல்லது அம்பு. சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலடியில் சின்னதாக ஒரு சிமிழும் கெண்டியும் செதுக்கியிருப்பார்கள். மீட்ட மாடுகளும் சில இடங்களில் நிற்கும். தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் ஓடுகிற கோணல்மாணல் கீறல்களை வெறும் கீறல் என்று விட்டுவிடாதீர்கள். அது வட்டெழுத்து, தமிழ்தான். முதலில் ஆண்ட அரசன் பெயரும் அவனுடைய ஆட்சியாண்டும் வரும். பிறகு இந்தப் பகுதியை வைத்திருந்த குறுநிலத் தலைவன் பெயர். கடைசியில் நம் ஆள்: இன்னாருடைய சேவகன் இன்னான், இன்ன ஊர் மாட்டைக் கொண்டுபோனபோது மீட்டு விழுந்தான், அவனுடைய கல் இது. இரண்டு மூன்று வரிக்குள் ஒரு ஆளின் சாவு முழுக்க அடங்கிவிடும்.

எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்டது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரைசர் என்ற தலைவரின் வழிப்பட்ட ஒருவரிடம் இருந்த கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப்போய் இறந்திருக்கிறான். அதுவரை மற்றக் கற்களைப் போலத்தான். ஆனால் இந்தக் கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரைச் சொல்லி, அது கள்ளரைக் கடித்துக் காவல் காத்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் மண்டபம் குடைந்த பல்லவர் காலத்திலிருந்து எத்தனையோ பேர் மறைந்து போனார்கள். செங்கம் பக்கத்து நாய் ஒன்று பெயரோடு நிற்கிறது. மகேந்திரவர்மன் எத்தனை ஆண்டு ஆண்டான் என்று கணக்குப் போடுகிற வரலாற்றுப் பேராசிரியர்களும் இந்த எருமைக்காரன் கல்லைத்தான் தேடி வருகிறார்கள்.

நம் பக்கத்தில் மட்டும் ஏன் இத்தனை கல்? நிலத்தைப் பார்த்தால் விளங்கும். வடக்கே ஜவ்வாது மலைக்கும் தென்மேற்கே உள்ள குன்றுகளுக்கும் நடுவே செங்கம் கணவாய். அந்தப் பக்கம் பாரமகால், இந்தப் பக்கம் திருவண்ணாமலைச் சமவெளி. மேய்ச்சல் காடு நிறைய, மாடு நிறைய, ஓட்டிக்கொண்டு தப்பிக்க வழியும் நிறைய. வாணர்களும் பல்லவர்களும் கங்கர்களும் முட்டிக்கொண்ட எல்லை இது. ஒருவன் பலத்தைக் காட்ட முதலில் அடுத்தவன் மாட்டை ஓட்டிப் போவான். இந்தக் கணவாயின் ராசி ஆயிரம் ஆண்டு கழித்தும் மாறவில்லை. 1767 செப்டம்பர் 3ஆம் தேதி ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து வந்து கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையோடு மோதியதும் இங்கேதான். ஆங்கிலேயர் எழுதிய மைசூர்ப் போர்ப் புத்தகங்களில் சங்கமா என்று வருவது நம் செங்கம்.

இதற்கெல்லாம் முந்திய சாட்சி ஒன்று உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னன் என்ற தலைவனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டு. அவனுடைய ஊரான செங்கண்மாவைச் செங்கம் என்றும், பாட்டில் வரும் சேயாற்றை நம் செய்யாறு என்றும் அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்த வழியில் நடுகற்கள் வருகின்றன. பெயரும் பெருமையும் எழுதிய கற்கள் நிற்கும், நின்று யாழை மீட்டி உங்கள் முறைப்படி மரியாதை செய்துவிட்டு வேகமாக நடையைக் கட்டுங்கள் என்று புலவர் கூத்தர்களுக்குச் சொல்கிறார். நீங்கள் வண்டியை நிறுத்திக் கற்பூரம் காட்டிவிட்டுக் கிளம்புகிறீர்களே, அந்தப் பழக்கம்தான். பள்ளிக்கூடத்தில் பத்துப்பாட்டு என்று பெயரை மனப்பாடம் செய்கிற நம் பிள்ளைகளுக்கு, அதில் ஒரு பாட்டு நம் ஊர்ப் பாதையில் நடக்கிறது என்று யாராவது சொல்கிறார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இந்தக் கற்களை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். டாக்டர் இரா. நாகசாமி தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த காலத்தில் துறையினர் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். படியெடுத்தவை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமாக வந்தன. தமிழ் எழுத்தின் வரலாற்றையும் பல்லவர் காலத்துச் சிற்றரசர்களையும் ஆராய்கிறவர்களுக்கு அது கைநூல். செங்கம் என்ற பெயர் அறிஞர்கள் வாயில் உலவுவது அதனால்தான். புத்தகம் பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்கும். கல் நிற்கிற ஊரின் பள்ளிக்கூடத்தில் கிடைக்காது. இந்த வேடிக்கையை மாற்ற அரசாணை ஒன்றும் தேவையில்லை. உங்கள் ஊர்க் கல்லைப் பற்றிய பக்கங்களை நகலெடுத்து லேமினேட் செய்து கோயிலில் மாட்ட நூறு ரூபாய் ஆகுமா?

கல்லையெல்லாம் அருங்காட்சியகத்துக்கு ஏற்றிப் போய்விட்டால் பத்திரமாக இருக்கும் என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. தருமபுரியிலும் சென்னையிலும் கூடங்களில் நிற்கும் நடுகற்களைப் பார்த்திருக்கிறேன். எண் போட்டிருக்கும், ஊர்ப் பெயர் எழுதியிருக்கும், வெயில் படாது. ஆனால் அவன் எந்த ஏரிக்கரையில் விழுந்தான், மாட்டை எந்தப் பக்கம் ஓட்டினார்கள், கல் எந்தத் திசையைப் பார்த்து நின்றது, பக்கத்தில் இன்னும் எத்தனை கல் நின்றன என்பதெல்லாம் லாரியில் ஏறிய அன்றே தொலைந்து போகும். சாலை அகலமாகும்போது, கல்குவாரி நெருங்கும்போது, கேட்பாரின்றி விழுந்து கிடக்கும்போது வேறு வழியில்லை, எடுத்துக்கொண்டு போகட்டும். பூசை நடக்கிற கல்லை அசைக்கக் கூடாது. ஒவ்வொரு வயல்வரப்புக்கும் ஒரு காவலாளியைப் போட எந்தத் துறையாலும் முடியாது. இத்தனை நூற்றாண்டும் இந்தக் கற்களைக் காத்தது உங்கள் கற்பூரமும் பொங்கலும் கிடாவெட்டும்தான். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று பாட்டிமார் போட்ட பயமும்தான்.

அப்படியிருக்க இப்போது மட்டும் எதற்குத் தொந்தரவு செய்கிறேன் என்றால், பக்தி குறையவில்லை, பணம் கூடியிருக்கிறது. கொட்டகை இல்லாதபோது கல்லுக்கு ஆபத்தும் இல்லை. இப்போது மேடை கட்டுகிறோம். கல்லின் அடிப்பகுதி ஒரு முழம் சிமெண்டுக்குள் போகிறது, அங்கே எழுத்து இருந்தால் அதோடு சரி. பக்கவாட்டில் டைல்ஸ் ஒட்டுகிறோம். ஓரத்தில் ஓடுகிற வரி மறைகிறது. பளிச்சென்று இருக்கட்டும் என்று எனாமல் பெயிண்ட் அடிக்கிறோம். பெயிண்ட் எழுத்தின் பள்ளத்தை நிரப்பிவிடும். பத்து வருடம் கழித்து அதைச் சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து உரியும். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறேன் என்று ஆசிட் ஊற்றுவதும், மிஷின் வைத்துத் தேய்ப்பதும், மணலைப் பீய்ச்சி அடிப்பதும் இன்னும் மோசம். இந்த எழுத்துகள் நகத்தால் கீறின ஆழத்தில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு மத்தியான வேலையில் எல்லாம் மழுங்கிப் போகும். செய்தவர் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

கமிட்டிக் கூட்டத்தில் ஒரு வாதம் எழும், எனக்குத் தெரியும். ‘மூளியான சிலையைக் கும்பிடக் கூடாது, சாஸ்திரம்’ என்பார் ஒருவர். உடனே புதுக் கருங்கல் சிலைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் பழையதை ஏரியில் போட்டுவிடலாம் என்று பேச்சு போகும். ஆகமக் கோயிலில் பிரதிஷ்டை செய்த விக்கிரகத்துக்குச் சொன்ன விதி அது. நம் கல் செத்தவனுக்கு நட்ட கல். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையல் போட்டு வாழ்த்துவது வரை அதற்கென்று தனி முறையைத் தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. அந்தக் கல்லின் மூக்கு தேய்ந்தால் தெய்வம் போய்விடாது. புதுச் சிலை வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள், பக்கத்தில் இடம் கொடுத்து வையுங்கள். மூத்தவர் முன்னால் நிற்கட்டும்.

இன்னொரு வம்பும் வரும். அதைச் சொல்லாமல் இந்த மடலை எழுதினால் நான் ஏமாற்றுக்காரன் ஆவேன். எழுத்தைப் படித்ததும் ‘எங்கள் சாதிக்காரன்தான் இவன், முதல் மரியாதை எங்களுக்கு’ என்று யாராவது கிளம்பலாம். கல்லில் இருப்பது அரசன் பெயர், தலைவன் பெயர், யாருக்குச் சேவகன், யார் மகன், எந்த ஊர், எப்படி இறந்தான். இன்றைய சாதிப் பட்டியலை அதில் தேடினால் கிடைக்காது. படித்துச் சொல்பவரிடம் கல்லில் உள்ளதை மட்டும் எழுதிக் கேளுங்கள். மீதிச் சண்டையைக் கல்லின் தலையில் கட்டாதீர்கள்.

இனி ஜேசிபி ஓட்டுகிற தம்பிகளுக்கு நாலு வார்த்தை. பழைய காலத்து மனிதர்கள் எழுதத் தெரியாத நாளிலேயே இங்கே ஆட்களைப் புதைத்து வட்டமாகக் கல் வைத்திருக்கிறார்கள். மோட்டூரில் கல்வட்டத்துக்குள் மனித வடிவில் வெட்டிய பெரிய பலகைக்கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பெருங்கற்காலத்தது. ஏரியில் மண் எடுக்கும்போது வாளியில் கறுப்பு சிவப்பு ஓடு, பெரிய தாழி, வழவழப்பான கற்கோடரி தட்டுப்பட்டால் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். போனில் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், விஏஓவிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் ஊரில் இருக்கிறது. அதனால்தான் பலர் சத்தமில்லாமல் மூடிவிடுகிறார்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அரசு அதை எடுத்துக்கொண்டால் மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மறைத்தால்தான் குற்றம். ராத்திரியில் நடுகல்லுக்கு அடியில் தங்கம் இருக்கிறதென்று தோண்ட வருகிற கூட்டத்துக்கு வேறு விதமாகச் சொல்ல வேண்டும்: அங்கே தங்கம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. மாடு மேய்த்தவன் கல்லுக்கடியில் யார் தங்கம் வைப்பார்கள்?

கல்லைச் சொன்ன சூட்டோடு காகிதத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லாவது தாங்கும், பரணில் கிடப்பது தாங்காது. கர்ணம், மணியம் பதவிகளை 1980இல் அரசு ஒழித்தபோது அந்த வீடுகளில் தங்கிப்போன பழைய கணக்குகள் எத்தனையோ. கிணறு எப்போது வெட்டினது, எந்த வாய்க்கால் யார் நிலத்தில் ஓடியது, பஞ்சத்தில் யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதற்கு அதைவிட்டால் வேறு ஆதாரம் கிடையாது. வைத்தியர் வீட்டு ஓலைச்சுவடி, தெருக்கூத்து வாத்தியார் கையால் எழுதி வைத்த கூத்து நோட்டு, மூடிப்போன ஸ்டுடியோவின் நெகட்டிவ், பள்ளிக்கூடத்தின் பழைய சேர்க்கைப் பதிவேடு எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கின்றன: எடைக்கு எடை, பழைய பேப்பர் கடைக்கு. கூத்து நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடாற்காட்டுக் கூத்தின் பாட்டும் வசனமும் அச்சில் வந்ததைவிட அந்த நோட்டுகளில்தான் அதிகம். வாத்தியார் போன மறுவருடம் வீட்டை வெள்ளையடிக்கும்போது நோட்டும் போய்விடுகிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை இங்கே நினைக்காமல் முடியாது. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பத்திரிகைத் துணுக்கு என்று ஊரார் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்துத் தன் வீட்டை நிரப்பினார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே அது ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. தமிழ் ஆராய்ச்சிக்கு அதனால் வந்த நன்மை பெரிது, மறுக்கவில்லை. ஆனாலும் அதைக் காப்பாற்ற அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. கோட்டையூரில் அது தங்கவும் இல்லை. செங்கத்துக்கு அந்த அளவு சேகரித்த மனிதர் இருந்தாரா என்பதுகூட நமக்குத் தெரியாது. இருந்திருந்தால் அவர் பிள்ளைகள் எடைக்குப் போட்டிருப்பார்கள்.

பெரிய கட்டடம், அருங்காட்சியகம், அமைச்சர் திறப்புவிழா எதையும் நான் கேட்கவில்லை. திறப்புவிழா நடந்த கட்டடங்களின் சாவி பிறகு யாரிடம் இருக்கிறதென்று கண்டுபிடிப்பதே தனி ஆராய்ச்சி. எனக்கு வேண்டியது ஊருக்கு ஒரு கனத்த நோட்டு. அதில் கல் நிற்கிற இடம், அது பார்க்கிற திசை, உயரம், யார் பூசை, என்ன படையல், என்ன கதை சொல்கிறார்கள், வீட்டில் என்ன பழைய தாள் இருக்கிறது என்று எழுதுங்கள். பாட்டிகளிடம் கேட்டு எழுதுங்கள். ஆண்களைவிட அவர்கள்தான் கதையை மாற்றாமல் சொல்வார்கள், யார் வீட்டில் எந்த ஓலை இருந்தது என்றும் அவர்களுக்குத்தான் தெரியும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போதும் இதற்கு. தாளையும் ஓலையையும் யாருக்கும் தானம் கொடுக்க வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். நோட்டில் ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில், ஒன்று கோயிலில், ஒன்று செங்கத்து நூலகத்தில்.

கல்லைப் படம் எடுக்கும் பக்குவம் சொல்கிறேன். உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து தெரியாது. காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள், அல்லது இருட்டின பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத வரி எழுந்து வரும். எழுத்துக்குள் சாக்பீஸ் வைத்துத் தீட்டாதீர்கள்; நீங்கள் தவறாகத் தீட்டினதைப் பின்னால் வருகிறவர் எழுத்து என்று நம்பிவிடுவார். படியெடுக்கத் தெரிந்தவர் வந்தால் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி எடுப்பார். கல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பூசாரி கோபித்துக்கொள்ள வேண்டாம். எண்ணெயைத் துடைக்க வெந்நீரும் மெல்லிய துணியும் போதும்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் வாசலில் கிரானைட் பலகை ஒன்று வைப்பீர்கள், உபயதாரர் பெயரும் தொகையும் வெட்டி. சிங்கப்பூர் தம்பி பெயரும் இருக்கும், ஐந்நூறு ரூபாய் கொடுத்த கிழவி பெயரும் இருக்கும், இருக்கட்டும். அந்தப் பட்டியலுக்கு மேலே ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள். கல்லில் இருக்கிற ஆளின் பெயரை, கல்லில் இருக்கிறபடியே அங்கே வெட்டுங்கள். நாய் இருந்தால் நாயின் பெயரையும். பலகை வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்பார். அந்த வரிக்கான கூலியை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்துக்காரன்